இரண்டு மணி ஹேண்ட் ஓவர்

மனச்சுமையை அளக்க எங்களிடம் ஒரு பெட்டி இருந்தது. சோப்பு டப்பா அளவுதான். அதற்குத் தோன்றும்போதெல்லாம் பீப் என்று கத்தும். கத்தியதும் மாணவர் இடுப்பில் மாட்டியிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தத் தாமதமானால் தலைக்குள் பாரம் ஜாஸ்தி என்று அர்த்தம். இதைக் கேட்டு என் அப்பா ஒரு வாரம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்துவிட்டு இரண்டு வருஷம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கு அது வேலை.

2011ஆம் வருஷம். கல்லூரியும் அதன் ஆஸ்பத்திரியும் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் மெயின் ரோட்டில் இருந்தன. பெயர் வேண்டாம். சிதம்பரம் கீழவீதியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். டூட்டி மாறும்போது ஒரு ஹவுஸ் சர்ஜன் தன் நோயாளிகளைப் பற்றி அடுத்தவரிடம் சொல்லி ஒப்படைப்பதைத்தான் ஹேண்ட் ஓவர் என்பார்கள். பரீட்சை முடிந்து வார்டில் ஒரு வருஷம் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் இதை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள், எந்த இடத்தில் அவர்கள் மூளை திணறுகிறது என்று கண்டுபிடிப்பது பேராசிரியர் வெங்கட்ராமின் ஆய்வு. நான் அவருடைய உதவியாளர். பெட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே போக வேண்டும். ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு வரிசை, அதில் பத்துக் கட்டம். சொன்னதற்கு டிக், சொல்லாமல் விட்டதற்குப் பெருக்கல் குறி. முடிந்ததும் அவர்கள் கையில் ஒரு தாளைக் கொடுத்து, 'இந்த வேலை எவ்வளவு கஷ்டமாக இருந்தது' என்று ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஓர் எண்ணை வட்டமிடச் சொல்ல வேண்டும்.

எல்லோரும் இரண்டை வட்டமிடுவார்கள், ரொம்பத் துணிந்தவர்கள் மூன்றை. இருபத்துநாலு மணி நேரம் தூங்காமல் கண் சிவந்து நிற்கிற பிள்ளையும் இரண்டுதான். பெயர் எழுத வேண்டாம் என்று தொண்டை கிழியச் சொல்வேன். கஷ்டம் என்று எழுதிக் கொடுக்க எந்த டாக்டருக்கு மனசு வரும்?

முதல் வாரமே நான் ஒரு தப்பு செய்தேன். ஒரு மாணவி தன் நோயாளியின் ஜுரத்தைச் சொல்லாமல் தாண்டிப் போனாள். "அஞ்சாம் பெட்டுக்கு ஜுரம் இருந்துச்சேம்மா" என்று நான் எடுத்துக்கொடுத்துவிட்டேன். வெங்கட்ராம் அன்றைய தாளை வாங்கி, அத்தனை மாணவர்கள் முன்னால் நாலாகக் கிழித்தார்.

"மிஸ் வித்யாலட்சுமி, நீங்க அளக்க வந்தீங்களா, பிட்டு குடுக்க வந்தீங்களா? நீங்க வாயத் தொறந்தா டேட்டா கெட்டுப் போவும். சுவரு மாதிரி நிக்கணும்."

எனக்கு ரோஷம் அதிகம். அன்றிலிருந்து சுவராகவே நின்றேன்.

செம்பியன் கம்மாபுரத்துப் பையன். அவர்கள் குடும்பத்தில் முதல் டாக்டர். பொய் இல்லாமல் வேலை செய்வான். அந்த வியாழக்கிழமை பெண்கள் வார்டில் முந்தின நாள் மதியத்திலிருந்து டூட்டியில் இருந்தான். ஒன்றரை மணிக்கு ஏழாம் படுக்கை மங்கலத்துக்கு அவன்தான் இன்சுலின் போட்டான். சர்க்கரை முந்நூற்று நாற்பது, காலில் புண், கிட்னியும் சரியில்லை. வழக்கமாக ஊசி போடும் நர்ஸ் சாப்பிடப் போயிருந்தார். அவன் ஊசி போட்டதை நான் பார்த்தேன். கேஸ் ஷீட்டில் எழுதப் பேனாவை எடுத்தவனை யாரோ வேறு படுக்கைக்குக் கூப்பிட்டதையும் பார்த்தேன்.

இரண்டு மணிக்கு எழிலரசி டூட்டிக்கு வந்தாள். பெட்டியை ஆன் செய்தேன்.

ஏழாம் படுக்கை முன்னால் செம்பியன் ஆரம்பித்தான். "மங்கலம், நாப்பத்தெட்டு வயசு. சுகர் த்ரீ ஃபார்ட்டி. இன்சுலின்..."

பீப்.

பொத்தானைத் தடவி அழுத்தினான். நிமிர்ந்தபோது சொல்ல வந்த வாக்கியம் அவன் முகத்தில் இல்லை. "ஆங், கால் டிரஸ்ஸிங் காலைல ஆயிடுச்சு. எட்டாம் பெட்..." என்று நகர்ந்துவிட்டான். எழிலரசி தன் சீட்டில் 'இன்சுலின்' என்று எழுதிக்கொண்டாள். 'கொடுத்த மருந்து' என்ற கட்டத்தில் நான் பெருக்கல் குறி போட்டேன். ஊசி போட்டாச்சு என்கிற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. கிழித்த தாளும் நினைவுக்கு வந்தது. விழுங்கிவிட்டேன். இன்னும் வெட்கக்கேடு ஒன்று இருக்கிறது. நல்ல பதிவு கிடைத்ததே என்று எனக்குள் ஒரு சந்தோஷம்.

செம்பியன் இரண்டை வட்டமிட்டுவிட்டு ஹாஸ்டலுக்குத் தூங்கப் போனான். தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு, புதிய படிவங்கள் ஜெராக்ஸ் எடுக்க நான் கடலூர் பஸ் ஏறினேன்.

மஞ்சக்குப்பத்தில் கடைக்காரர் மிஷினைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது அன்றைய தாளை எடுத்துப் பெருக்கல் குறிகளை எண்ணினேன். ஏழாம் வரிசையில் விரல் நின்றது. நான் டாக்டருக்குப் படிக்கவில்லை. ஆனாலும் எழிலரசி என்ன செய்வாள் என்று யோசிக்க டாக்டராக வேண்டியதில்லையே. சீட்டைப் பார்ப்பாள். முந்நூற்று நாற்பது என்று இருக்கும். ஊசி போட்டதாக எங்கேயும் இருக்காது. அவளும் போடுவாள்.

அப்போது மணி மூன்றே முக்கால்.

செம்பியனுக்குப் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். வெங்கட்ராம் எடுக்கவில்லை, அது வகுப்பு நேரம். எழிலரசியின் நம்பர் என்னிடம் இல்லை. ஆஸ்பத்திரி போர்டு நம்பரில் ஒரு பெண் எடுத்தாள். "வார்டு லைன் வேல செய்யல மேடம், நேர்ல வந்து சொல்லிடுங்க" என்றாள். வாசல் செக்யூரிட்டியை அனுப்பிச் சொல்லச் சொன்னேன். "பாக்குறேன்" என்று வைத்துவிட்டாள்.

பஸ் ஏறினேன். குடிகாட்டுக்கு முன்னால் கெமிக்கல் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. டிரைவரிடம் போய், ஒரு உயிர் விஷயம், கொஞ்சம் ஓரமாகப் போங்கள் என்றேன். "எங்க போறது மேடம், பறக்கவா?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்கார இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. ஒவ்வொரு லாரியையும் திட்டினேன், வெங்கட்ராமைத் திட்டினேன், கடைசியில் திட்ட நான்தான் மிச்சம்.

வார்டுக்குள் நுழைந்தபோது ஐந்தேகால். மங்கலம் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. எழிலரசியிடம் ஓடினேன்.

"ஏழாம் பெட்டுக்கு இன்சுலின் போட்டீங்களா?"

"ரெண்டே முக்காலுக்கே போட்டேனே. ஏன் மேடம்?"

"செம்பியன் ஒன்னரைக்கே போட்டாரு. நான் பாத்தேன்."

அவள் படுக்கைக்கு ஓடினாள். மங்கலத்தைத் தட்டி எழுப்பினாள். எழவில்லை. தலையணை வேர்வையில் நனைந்திருந்தது. விரலில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை பத்தொன்பது. குளுக்கோஸ் ஏற்றினார்கள், மறுபடியும் ஏற்றினார்கள். சர்க்கரை ஏறிவிட்டது. மங்கலத்துக்கு நினைவு வரவில்லை.

விசாரணை நடந்தது. செம்பியனுக்குப் பயிற்சியை ஒரு வருஷம் நீட்டித்தார்கள். வேலைப் பளுவால் வந்த தவறு என்று அவனுக்காகச் சொல்ல யாருக்கும் வழியில்லாமல் போயிற்று. பெயர் இல்லாத தாள்தான், ஆனால் தேதியும் நேரமும் காட்டிக் கொடுத்தன; அவனே இரண்டை வட்டமிட்டிருந்தானே. பீப் சத்தம்தான் அவன் வாக்கியத்தை வெட்டியது என்று நான் எழுதிக் கொடுத்தேன். வெங்கட்ராம் படித்துவிட்டு மேஜை டிராயருக்குள் வைத்தார்.

"வெறும் பீப்புனால யாராவது மறப்பாங்களா? அதத்தான் இன்னும் நாம நிரூபிக்கவே இல்லயே" என்றார். அன்றைய தாளைப் பத்திரமாக வைக்கச் சொன்னார்.

விசாரணை முடிந்த ஐந்தாம் நாள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று கால் சொல்லியும் ஏழாம் படுக்கைப் பக்கம் போனேன். மங்கலம் கண் திறந்திருந்தாள். கண் எதையும் பார்க்கவில்லை. பக்கத்தில் அவள் கணவர் தங்கராசு, குடிகாட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை செய்கிறவர், பஞ்சை நனைத்து அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"மேடம், அன்னிக்கு நீங்கதான அந்தத் தம்பி கூடவே நின்னு எழுதிக்கிட்டு இருந்தது?"

"ஆமாங்க."

"ஊசி போட்டாச்சுன்னு அவரு சொல்லலியாமே."

"சொல்லல."

"உங்களுக்கு அது அப்பவே தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியும்" என்றேன். அவர் கத்துவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பஞ்சைக் கிண்ணத்தில் பிழிந்தார்.

"ஊசி போடும்போது நான் பக்கத்துலதாம்மா இருந்தேன். அவங்க பேசிக்கும்போதும் இருந்திருந்தா நான் சொல்லியிருப்பேன். டாக்டருங்க டூட்டி மாத்திக்கிற நேரம், வெளிய போன்னு அனுப்பிட்டாங்க. உங்கள மட்டும்தான் உள்ள விட்டாங்க."