பதினோராம் அறையின் குளிர்

கதவருகே நின்று கேம்ப் இன்சார்ஜ் ஷம்சாத் 'கோன்?', யார், என்று இந்தியில் கேட்டால், பதினோராம் அறையில் 'நான்' என்று யாரும் சொல்வதில்லை. இன்னொருவன் பெயரையும் சொல்வதில்லை. இந்த விதியை எவரும் எவருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. குழாயை உடைத்தது யார், படிக்கட்டில் துப்பியது யார், வெள்ளிக்கிழமை மொட்டைமாடியில் கோழி சுட்டது யார் என்று அவர் கேட்கும்போதெல்லாம் எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். கேள்வி சற்று நேரம் அறைக்குள் நின்றுவிட்டு, வந்தவரோடு சேர்ந்தே வெளியேறிவிடும்.

ஷார்ஜா தொழிற்பேட்டையில் இருந்த அந்தத் தொழிலாளர் கேம்பில், எட்டுப் பேரில் ஏழு பேருக்கு அலுமினியப் பட்டறையில் இரவு டூட்டி. ஜெயமணிக்கு மட்டும் பகலில் கேம்ப் ஆபீசில் வேலை: தேநீர் போடுவது, கோப்புகளை எடுத்துக் கொடுப்பது, தரை துடைப்பது. நண்பகலில் சாப்பிட அறைக்கு வந்து, ஒரு மணிக்கு முன்பே திரும்பிவிடுவார்.

ஏசி ரிமோட் எந்த அறையிலும் இல்லை. அறை எண் ஒட்டிய ரிமோட்டுகள் எல்லாம் ஷம்சாத்தின் துணிப்பையில் இருந்தன. காலை எட்டு மணிக்கு அவர் வராந்தாவில் நடந்து, கதவுக்கு மேலிருந்த கண்ணாடி வழியாக ஒவ்வோர் அறைக்கும் ரிமோட்டை நீட்டுவார். இரண்டு முறை 'பீப்' ஒலிக்கும். பத்து மணிக்கு ஏசி நின்றுவிடும். பத்து மணிக்கு அவரே திரும்பி வந்து அணைக்கிறார் என்று அனைவரும் நம்பினார்கள். பார்த்தவர் எவருமில்லை, உறங்குகிறவர்கள் பார்ப்பதற்கும் வழியில்லை. அதன்பின் மாலைவரை தகரப்பெட்டிக்குள் படுத்திருப்பதைப் போல ஏழு பேரும் புரண்டுகொண்டிருப்பார்கள்.

ஜூலை மாதத்து இரவொன்றில் கார்மேகத்திற்கு வெட்டும் எந்திரத்தின் முன் நின்றபடியே கண் சொருகியது. விழித்தபோது கையுறையின் கட்டைவிரல் நுனி காணாமல் போயிருந்தது. உள்ளே விரல் இருந்தது. அதை அவன் மூன்று முறை தொட்டுப் பார்த்துக்கொண்டான். மறுநாள் மாலையே ஜாபர் சாதிக்கின் கடைக்குப் போனான்.

டயர் கடைக்கும் கஃபெடீரியாவுக்கும் நடுவே, மேசை ஒன்றும் ஆள் ஒருவரும் மட்டுமே கொள்ளும் டிவி, ரிமோட் பழுதுபார்க்கும் கடை அது. ஜாபர் சாதிக் கீழக்கரைக்காரர். கழற்றிய தொலைக்காட்சியிலிருந்து தலையைத் தூக்காமலேயே பேசினார்.

"ரிமோட்டைக் குடுங்க. அதே மாதிரி ஒரு காப்பி போட்டுத் தாரேன்."

"ரிமோட்டு எங்கிட்ட இல்லண்ணே."

"தொலைஞ்சிருச்சா?"

"இல்ல. வேற ஆளுகிட்ட இருக்கு."

இப்போது அவர் தலையைத் தூக்கினார். கார்மேகத்தின் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையை முதலில் பார்த்தார். முகத்தைப் பிறகுதான் பார்த்தார். "ஏசி யாருது?"

"எங்க தலைக்கு மேலதாண்ணே இருக்கு."

"தலைக்கு மேல ஏரோப்ளேனும்தான் போவுது. அதுக்கும் ரிமோட் கேப்பீங்களா?"

ஆனாலும் ஆயிரம் கோடு, அதாவது ஏசிக்கு ஏசி மாறும் சமிக்ஞைகள், உள்ளதென்று சொல்லி ஒரு பொது ரிமோட்டைக் கொடுத்தார். மூன்று பகல்கள் கார்மேகம் போர்வைக்குள் படுத்துக்கொண்டு கோடுகளை ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்தான். மேல்கட்டிலில் போர்வைக்குள் ஒருவன் எதையோ அமுக்கிக்கொண்டிருப்பதை எதிர்க்கட்டிலில் இருந்த விமல் பார்த்தான். பார்க்காதவன்போலத் திரும்பிப் படுத்தான். ஏசி ஒரு கோட்டுக்கும் பதில் சொல்லவில்லை.

"ஊர் பேர் தெரியாத கம்பெனி ஏசி போல. லிஸ்டுல இருக்காது," என்றார் ஜாபர் சாதிக். மேசைக்கடியிலிருந்து வேறொரு ரிமோட்டை எடுத்தார். "இது படிக்கிற ரிமோட். இந்தப் பொத்தானை அமுக்குனா சிவப்பு லைட் எரியும். எரியிறப்ப அந்தாளு ரிமோட்ட அமுக்குனா, அதுலேருந்து வர்றத இது பிடிச்சு வச்சுக்கிடும். வாங்கினபடிக்கு நாலு விரல் தூரந்தான் எடுக்கும். நான் நல்ல கண்ணா மாத்திப் போட்டுத் தாரேன். ஆனா ஒண்ணு தம்பி, எங்கயும் எம்பேரு வரப்படாது."

"எங்க ரூம்ல யாரு பேரும் வராதுண்ணே."

கார்மேகத்தின் கட்டில் கதவை ஒட்டி இருந்தது. மறுநாள் எட்டு மணிக்கு அவன் தண்ணீர்ப் பாட்டிலுக்குப் பின்னால் ரிமோட்டைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வைத்துப் பொத்தானை அமுக்கினான். சிவப்பு விளக்கு எரிவதற்குள் முதல் 'பீப்' போய்விட்டது. இரண்டாவதில் விளக்கு இரண்டு முறை கண் சிமிட்டி அணைந்தது. கண்ணாடிக்கு அப்பால் ஷம்சாத்தின் மணிக்கட்டு மட்டும் தெரிந்து மறைந்தது.

பத்து மணிக்கு ஏசி நின்றது. கார்மேகம் போர்வைக்குள்ளிருந்து அமுக்கினான். 'பீப்' என்ற ஒலியோடு ஏசியின் மடல் மெல்லத் திறந்தது.

குளிர் வந்ததை ஏழு பேரும் உணர்ந்தார்கள். எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதுவும் விதிக்கு உட்பட்டதுதான். ஆனால் பன்னிரண்டு மணிக்கு, ஜெயமணி கதவைத் திறந்து உள்ளே வந்து டிபன் கேரியரைத் தரையில் வைத்த சற்று நேரத்தில், மடல் தானாக மூடிக்கொண்டது.

மறுநாளும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த நாளும்.

"வந்தாரு, காத்து நின்னுச்சு," என்றான் விமல், கூரையைப் பார்த்தபடி.

"என்னாங்கடா சொல்றீங்க?" என்றார் ஜெயமணி, சோற்றைப் பிசைந்துகொண்டே.

"ஒண்ணுமில்லண்ணே. ஆபீஸ்ல ஷம்சாத் பாய் சௌக்கியமான்னு கேட்டேன்."

"அவனுக்கென்ன, மூணு டீ குடிச்சிட்டு உக்காந்திருக்கான்."

"டீ மட்டுமா குடுக்குறீங்க? நியூசும் குடுக்குறீங்களா?"

ஜெயமணி சிரித்தார். தம்மைப் பற்றிய பேச்சென்று அவர் உணரவில்லை. குளிர் வருவதை ஷம்சாத்திடம் சொல்லி அணைக்க வைப்பவர் அவரே என்பதற்கு, அவரது அந்தச் சிரிப்பையே மற்றவர்கள் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். அன்று முதல் அவர் வரும்போது பேச்சு நின்றது. அவர் கைப்பேசியில் பேசினால் ஒருவன் குளியலறைக்குப் போவதுபோல அருகில் நடந்தான். ஊறுகாய் பாட்டில் அவர் கைக்கு எட்டாத பக்கம் நகர்ந்தது. கார்மேகமும் அவரைச் சந்தேகித்தான். மற்றவர்களைவிடக் கூடுதலாகவே சந்தேகித்தான், இழப்பதற்கு அவனிடம் ஒரு ரகசியமும் இருந்ததால்.

ஐந்தாம் நாள் அவன் அசந்து தூங்கிவிட்டான். விழித்து அமுக்கியபோது மணி பதினொன்று இருபது. ஜெயமணி வந்தார், சாப்பிட்டார், போனார், ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று இருபதுக்கு நின்றது.

"பாத்தியா? இப்ப ஆபீஸ்லேருந்தே வேலைய முடிச்சிட்டாரு," என்று யாரிடமோ முணுமுணுத்தான் விமல்.

கார்மேகத்திற்கு அந்த விளக்கம் போதவில்லை. பத்துக்கு அமுக்கினால் பன்னிரண்டு. பதினொன்று இருபதுக்கு அமுக்கினால் ஒன்று இருபது. ஒற்றனாக இருந்தாலும் ஒரு மனிதன் இவ்வளவு கச்சிதமாகவா நேரம் பார்ப்பான்?

அன்று மாலை கடையில் ஜாபர் சாதிக் ரிமோட்டை மடிக்கணினியோடு இணைத்த சிறு கருவியின் முன் பிடித்து அமுக்கினார். திரையில் ஒன்றும் பூஜ்யமுமாக ஒரு வரிசை ஓடியது. வேறொரு பட்டியலோடு அதை ஒப்பிட்டு, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தார்.

"டிவி ரிமோட்ட அமுக்குனா, சவுண்டக் கூட்டுன்னு ஒத்தப் பேச்சுதான். ஏசி ரிமோட் அப்படியில்ல. எந்தப் பொத்தான அமுக்குனாலும் முழுசையும் ஒப்பிக்கும். இங்க பாருங்க, ஆன்ல இரு. இருபத்தாறு டிகிரி. காத்து மெதுவா. இது என்ன?" விரல் நின்றது. "ரெண்டு மணி நேரத்துல நிப்பாட்டு."

"அப்படின்னா?"

"அந்தாளு ரெண்டு தடவ அமுக்குறான்னு சொன்னீங்கள்ல? மொதத் தடவ ஆன். ரெண்டாவது டைமர். பத்து மணிக்கு எவனும் வந்து அணைக்கல. நீங்க பிடிச்சது ரெண்டாவது. அவன் சொன்ன நேரத்தையும் சேத்தே பிடிச்சிட்டீங்க."

"அப்ப பன்னெண்டு மணிக்கு அணைச்சது யாருண்ணே?"

"நீங்கதான். பத்து மணிக்கே."

திரும்பும் வழியில் விமலிடம் சொல்லிவிட வேண்டும் என்று கார்மேகம் தீர்மானித்தான். ஆனால் அறைக்குள் கால் வைத்தவன் நேரே தன் கட்டிலில் ஏறிப் படுத்தான். 'ஜெயமணியண்ணன் அணைக்கல' என்று சொல்வதற்கு முன்னால் 'நான்தான் போட்டேன்' என்று சொல்லியாக வேண்டும். ஷம்சாத்துக்கு எதிராகத் தோன்றிய விதி இப்போது ஏழு பேருக்குள்ளேயே கதவை அடைத்திருந்தது. ஒரு நாள் போகட்டும் என்று நினைத்தான்.

அந்த ஒரு நாள் அவனுக்குக் கிடைக்கவில்லை. மறுநாள் பதினொன்றரைக்கு ஷம்சாத் கட்டடத்தின் பின்பக்கம் நடந்தபோது, பதினோராம் அறையின் குழாயிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டித் தரை நனைந்திருந்தது. ஏசி ஓடாமல் அந்தக் குழாய் சொட்டாது. அவர் மாடியேறி வந்து கதவைத் திறந்தார். குளிர் அவர் முகத்தில் பட்டது.

"கோன்? ரிமோட் கிஸ்கே பாஸ் ஹை?"

ரிமோட் யாரிடம் என்ற கேள்விக்கு ஏழு பேரும் தரையைப் பார்த்தார்கள். விதி காப்பாற்றப்பட்டது. ஆனால் விமலின் பார்வை தரையில் நிற்கவில்லை. ஜெயமணியின் காலிக் கட்டில்வரை மெல்ல நகர்ந்து, அதற்குக் கீழிருந்த பெட்டியில் தங்கியது. இன்னொருவன் பார்வையும் அங்கே போனது. ஒரு பெயரும் உச்சரிக்கப்படாமலேயே ஒரு பெயர் அறை நடுவே வந்து நின்றது. ஆபீசில் ரிமோட் பையை மாட்டும் ஆணிக்கு நேர் கீழேதான் ஜெயமணி தேநீர் போடுகிறார், ரிமோட்டை எடுத்து நகல் போட்டுக்கொள்ள அவருக்கு எளிது என்பது ஷம்சாத்துக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தோளில் மாட்டியிருந்த துணிப்பையிலிருந்து ரிமோட்டை எடுத்து ஏசியை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு ஜெயமணி டிபன் கேரியரோடு வந்தார்.

"பெட்டி கட்டு," என்றார் ஷம்சாத், தமக்குத் தெரிந்த தமிழில். "சோர் கா காம். விசா ரினியூ மாஃபி. கலாஸ்." திருட்டு வேலை, இனி விசா புதுப்பிப்பு இல்லை, முடிந்தது என்று அதற்குப் பொருள்.

"நான் என்ன பாய் எடுத்தேன்? மைனே குச் நஹி லியா." ஜெயமணி கட்டில்களைப் பார்த்தார். "டேய், நான் எதையும் தொடலடா. ஒருத்தனாச்சும் சொல்லுங்கடா. அடுத்த வாரம் ரினியூவல்டா எனக்கு."

அனைவரும் தரையைப் பார்த்தார்கள். எதிர்க்கட்டிலில் விமல் விரல் நகத்தைச் சுரண்டினான். ஜெயமணி குனிந்து பெட்டியை இழுத்தார். அதன் இரும்பு விளிம்பு தரையில் கீறியது. டிபன் கேரியர் இன்னும் அவர் இடக்கையிலேயே இருந்தது, எங்கே வைப்பதென்று தெரியாமல்.

கார்மேகம் தலையணை உறைக்குள் கையை விட்டான். மேல்கட்டிலிலிருந்து இறங்கி, ஷம்சாத்துக்கும் பெட்டிக்கும் நடுவே நின்று, எல்லோரும் பார்க்கக் கையை உயர்த்தி அமுக்கினான்.

'பீப்.' மடல் திறந்தது.

"அவரு எதையும் அணைக்கல விமலு. ரெண்டு மணி நேரத்துல தானா நிக்கிற கோட பிடிச்சு வச்சிருந்தது நானு," என்றான். பிறகு ரிமோட்டை ஷம்சாத்தின் முன் நீட்டினான். "மைனே கியா, பாய். பேரு கார்மேகம். நான்தான்."