எத்தனை பேர் என்று கேட்பார்கள்

மொன்றியலில் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் வாசலில் நிற்கிற பிள்ளை முதலில் கேட்பது எத்தனை பேர் என்றுதான். எனக்குப் பின்னால் யாரும் இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரிகிறது. தெரிந்தும் கேட்பாள். நான் ஒரு விரலைக் காட்டுவேன். "ஒருவர் மட்டுமா?" என்று இன்னொரு தரம் கேட்பாள். விரல் விளங்கவில்லையாக்கும். பிறகு கழிவறைக் கதவடியிலோ, குளிர்காற்று அடிக்கிற வாசலடியிலோ ஒரு மேசை தருவாள். எதிரே வைத்திருக்கும் கரண்டியையும் கோப்பையையும் என் கண்முன்னாலேயே பொறுக்கிக்கொண்டு போவாள். அதுதான் எனக்கு அறவே பிடிக்காதது. கிடந்தால் என்ன, நான் அதையும் தின்றுவிடவா போகிறேன்?

என் பெயர் சவிரிமுத்து. ஊர் மன்னார். டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்புகிற சமையற்கூடத்தில் இருபத்தாறு வருடமாகத் தட்டு அடுக்குகிறேன். தினமும் நூற்றுக்கணக்கான சின்னக் கேக் துண்டுகள் என் கையால் ஆகாயத்துக்குப் போகின்றன. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். ஒன்றையாவது வாயில் வைக்க மனம் வருவதில்லை. மூன்று வருடத்துக்கு முன் மனைவி கத்தரின் இறந்தபிறகு, வேலையில்லாத நாட்களில் வீட்டுக்குள் இருக்க முடியாமல் போனது. அப்போதுதான் பஸ்ஸும் மெட்ரோவும் பிடித்து இனிப்புக் கடைகளைத் தேடிப் போகத் தொடங்கினேன். சீனி வருத்தம் இல்லையா என்று கேட்காதீர்கள். கொஞ்சம் இருக்கிறது.

இப்போது இந்த நகரத்தில் எனக்குத் தெரியாத இனிப்பு இல்லை. ஜான்-டலோன் சந்தைப் பக்கம் ஓர் இத்தாலியக் கடை. பிஸ்தா ஐஸ்கிரீம் அருமை, ஆனால் தருகிறவர் தன் சொத்தில் பாதியை எழுதித் தருவதுபோல முகத்தை வைத்திருப்பார். வெர்டனில் ஒரு பழைய கடையில் மாவுத் தட்டில் மேப்பிள் பாகு ஊற்றிச் சுட்ட தார்த். அது பல்லில் ஒட்டினால் அன்று முழுவதும் ஞாபகம் இருக்கும். போர்த்துக்கேயரின் முட்டைத் தார்த்தைச் சூடாக இருக்கும்போது சாப்பிட வேண்டும், ஆறினால் அது வேறு சாமான். இவ்வளவும் தெரிந்து என்ன பயன்? நல்ல இனிப்பு ஒன்றைத் தின்றுவிட்டு "நல்லாயிருக்கு" என்று சொல்ல எதிரே ஓர் ஆள் வேண்டும். சொல்ல ஆளில்லாமல் விழுங்கினால் அது பாதி இனிப்புத்தான்.

சொல்வதற்கு ஒரு மகள் இருக்கிறாள். றெபேக்கா, இருபத்தெட்டு வயது, ரொறன்ரோவில் வேலை. அவள் என்னோடு ஒழுங்காகக் கதைத்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் அழைப்பாள். "சாப்பிட்டீங்களா, மருந்து எடுத்தீங்களா?" அவ்வளவுதான், வைத்துவிடுவாள்.

பிழை என்னுடையது. கத்தரினின் முதலாம் ஆண்டு நினைவுக்குக் கல்லறைக்கல் நாட்டி, மந்திரிப்பதற்குச் சுவாமியைக் கூப்பிட்டிருந்தேன். மகளுக்குப் பத்து மணி என்று நானே சொன்னேன். பத்துக்குச் சுவாமி வந்தார், பங்குச் சனம் வந்தது, மழையும் வந்தது. செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து, எல்லோரும் குடையை மடக்கிக் காரில் ஏறும் நேரம் அவள் பூச்செண்டோடு வந்தாள். பதினொன்றரை. நான் அத்தனை பேருக்கும் முன்னால் கத்தினேன். "எங்கை நிண்டனீ? உன்ர அம்மான்ர கல்லறைக்கும் பிந்தித்தானோ வருவாய்?"

பூவை வைத்துவிட்டு அப்படியே ரொறன்ரோவுக்குத் திரும்பிவிட்டாள். அன்றிலிருந்து என் வாய்க்கு நான் கொடுத்த திட்டு கொஞ்சநஞ்சமில்லை.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் பிந்துகிற ஆள் நான்தான். சாப்பாட்டுக் கடைக்கு ஐந்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருப்பேன். அப்போது பார்த்து ஒரு விமானம் தாமதம், இன்னும் முந்நூறு தட்டு அடுக்கு என்பார்கள். அடுக்கிவிட்டு ஓடுவேன். ஆனாலும் கத்தரின் ஒருநாளும் முகம் கோணியதில்லை. நான் மூச்சிரைக்கக் கடைக்குள் நுழையும்போது தாயும் மகளும் அப்போதுதான் குளிர் ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். இதுகள் இரண்டும் என்னைவிட மோசம், ஒரு இடத்துக்கும் நேரத்துக்குப் போகாதுகள் என்று நானே பகிடி பண்ணியிருக்கிறேன். கத்தரின் சிரிப்பாள். இப்போது நான் எங்கும் பிந்துவதில்லை. தனியாக இருப்பவனுக்குப் பிந்துவதற்கு ஒரு காரணமும் கிடைக்காது.

போன கிழமை றெபேக்கா அழைத்தாள். ஒரு சிநேகிதியின் வீட்டு விசேஷத்துக்காக மொன்றியல் வருகிறாளாம். சனிக்கிழமை ஆறரைக்குத் திரும்பும் ரயில். "அதுக்கு முன்னம் எங்கையாவது சாப்பிடுவமே அப்பா?" என்று கேட்டாள்.

நான் அவசரப்படாததுபோல, "ஓம், பாப்பம்" என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினிக்குள் கொஞ்ச நேரம் நின்று அழுதேன்.

புரோசார்டில் ஒரு தாய்வான்காரர் கடையை மனதில் வைத்திருந்தேன். பாலை உறையவைத்துப் பஞ்சுபோலச் சீவி, அதன்மேல் மாம்பழம் வெட்டிப் போட்டு, ஒரு சட்டி நிறையத் தருவார்கள். இருவர் சாப்பிட வேண்டியது. ஒருவருக்கான அளவு அங்கே கிடையாது. மூன்று தடவை போயும் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். றெபேக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே மாம்பழம் என்றால் உயிர். மூன்று மணிக்கு மேசை சொல்லி, அவளுக்கும் செய்தி அனுப்பினேன். அவள் எத்தனை மணிக்கு வந்தாலும் நேரத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை, "எங்கை நிக்கிறாய்" என்று அழைப்பதுமில்லை என்று கத்தரினின் படத்துக்கு முன்னால் நின்று முடிவெடுத்தேன்.

சனிக்கிழமை இரண்டு நாற்பதுக்கே போய்விட்டேன். வாசலில் நின்ற பிள்ளை எத்தனை பேர் என்று கேட்டாள். இரண்டு விரலைக் காட்டினேன். காட்டும்போதே முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. யன்னலோரம் நல்ல மேசை தந்தாள். இரண்டு கரண்டி, இரண்டு கோப்பை. ஒன்றும் குறையவில்லை.

மூன்றே காலுக்கு வாசல் பிள்ளை வந்து, சனிக்கிழமைகளில் ஆள் வராத மேசையைப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வைத்திருக்க மாட்டோம் என்று பணிவாகச் சொன்னாள். வெளியே வரிசை நின்றது. மேசையைக் காப்பாற்ற ஒரு சட்டி மாம்பழ ஐஸ் எடுத்தேன். மகளின் பக்கத்தைத் தொடாமல் என் பக்கத்தால் மட்டும் மெல்லமெல்லச் சாப்பிட்டேன். அவள் பக்கம் சரிந்து கரைந்து தண்ணீராகி மேசையில் வடிந்தது. கடதாசியால் துடைத்தேன். மூன்றே முக்காலுக்கு வாசல் பிள்ளை மறுபடியும் எட்டிப் பார்த்தாள். இன்னொரு சட்டி எடுத்தேன். எனக்குச் சீனி இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா.

பக்கத்து மேசையில் ஒரு சீனக் குடும்பம், நான்கு பேரும் ஒரே சட்டிக்குள் கரண்டி போட்டார்கள். சின்னப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளின் தாய் அவளுடைய தலையைப் பிடித்து மெல்ல மறுபக்கம் திருப்பினாள். அந்த ஒன்றைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாலு பதினைந்தாயிற்று. தொலைபேசியைக் கையில் எடுப்பேன், வைப்பேன். அழைத்தால் என் வாயில் முதலில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அவள் வரப்போவதில்லை என்பதும் தெரிந்துவிட்டது. யோசித்துப் பார்த்து, இந்த மனிசனோடு எதற்கு என்று விட்டுவிட்டாள். நியாயம்தானே? காசைக் கொடுத்துவிட்டு எழும்பினேன். நான் வாசலைத் தாண்ட முன்னமே இரண்டாவது கரண்டியை எடுத்துவிட்டார்கள்.

மின்ரயில் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது தொலைபேசி அடித்தது. நாலு முப்பத்திரண்டு.

"அப்பா, நான் கடைக்கு வந்திட்டன். நீங்கள் ஆறுதலா வாங்கோ, அவசரமில்லை. மேசை கேட்டு எடுத்து வைக்கிறன்."

குரலில் ஒரு கோபமும் இல்லை. சந்தோசமாக இருந்தாள்.

"பிள்ளை, நான் எத்தனை மணியெண்டு சொன்னனான்?"

"மூண்டு எண்டு. அதுதான் நாலரைக்கு வந்தனான்."

"மூண்டு எண்டா மூண்டுதானே."

அவள் சிரித்தாள். "சாப்பாட்டுக் கடைக்கு நீங்கள் சொன்னா நாலரைதான் அப்பா. என்ர ஒன்பதாவது பேர்த்டே ஞாபகமிருக்கோ? கோழிக் கடையில நானும் அம்மாவும் கேக்கையும் வைச்சுக்கொண்டு ஒண்டரை மணித்தியாலம் இருந்தனாங்கள். நான் அழுதிட்டன். அதுக்குப் பிறகு அம்மா சொல்லித் தந்தவ. அப்பா சொல்ற நேரத்தோட ஒண்டரையைக் கூட்டிக்கொள்ளு, அப்ப காத்திருக்கவும் தேவையில்லை, அப்பாவில கோவிக்கவும் தேவையில்லை எண்டு. எத்தனையோ நாள் நாங்கள் பக்கத்துக் கடையளில சுத்திப்போட்டு, நீங்கள் வாற நேரம் பாத்துத்தான் உள்ளுக்க போறனாங்கள்."

பாலத்துக்குக் கீழே ஆறு தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டு நின்ற கத்தரினின் முகம் வந்தது. பதினாறு வருடமாக இப்படி ஒரு கணக்கு. என்னிடம் மூச்சுக்கூட விடவில்லை. நான் பகிடி பண்ணியபோதும் சிரித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு இன்னொன்றும் விளங்கியது.

"அப்ப, கல்லறைக்கு?"

"நீங்கள் பத்து எண்டனீங்கள்," என்றாள் மெதுவாக.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"அம்மான்ர கல்லறைக்கு முன்னால நிண்டுகொண்டு, அம்மா சொல்லித் தந்தவ எண்டு சொல்லேலுமே அப்பா? அதுவும் அத்தனை சனத்துக்கு முன்னால."

ரயிலில் எதிரே இருந்த மனிசி என்னைப் பார்த்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பினாள்.

"அப்பா? இப்ப எங்கை நிக்கிறீங்கள்?" என்று றெபேக்கா கேட்டாள்.

"நான் வந்திட்டுப் போறன் பிள்ளை. ரயிலில நிக்கிறன்."

"எத்தனை மணிக்கு வந்தனீங்கள்?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "ரெண்டு நாப்பதுக்கு."

அந்தப் பக்கத்தில் கடையின் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ சிரித்தார்கள், ஒரு சட்டி மேசையில் வைபட்டது. "நான் திரும்பி வாறன்," என்றேன்.

"வேண்டாம். என்ர ரயிலும் உங்கைதானே. நான் அடுத்த ரயிலில வாறன். நீங்கள் சென்ரல் ஸ்ரேசனில இறங்கி நில்லுங்கோ. ஒரு இடமும் போகாதேங்கோ அப்பா." குரல் உடைந்திருந்தது.

மத்திய நிலையத்தில் படிக்கட்டடியில் நின்றேன். ஒவ்வொரு ரயிலுக்கும் சனம் கொட்டுப்பட்டு வந்து கலைந்து போனது. ஐந்து ஏழுக்கு அவள் வந்தாள். மெலிந்திருந்தாள். தலைமயிரைக் கத்தரித்திருந்தாள், அச்சொட்டாகத் தாயின் நெற்றி. இரண்டு பேரும் கட்டிப் பிடிக்கிற பழக்கமில்லாத ஆட்கள். அவள் என் ஜாக்கெட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏதாவது சாப்பிடுவம்," என்றாள். "ஒரு மணித்தியாலம் இருக்கு."

நிலையத்தோடு ஒட்டி ஒரு சின்னக் கடை இருந்தது. நான் முன்னுக்குப் போனேன், அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். வாசலில் நின்ற பிள்ளை "போன்ஜூர்" என்று, எத்தனை பேர் என்று கேட்டாள்.

என் கை தானாக எழும்பியது. ஒரு விரல்.

அந்தப் பிள்ளை ஒற்றை மெனுவை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். நானும் அவளின் பின்னால் இரண்டு எட்டு வைத்துவிட்டேன். என்ன செய்தேன் என்பது அதன்பிறகுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். றெபேக்கா பெட்டியைப் பிடித்தபடி அதே இடத்தில் நின்றாள். என் விரலை அவள் கண்டிருந்தாள். மூன்று வருடத்தில் நான் அவளுக்குச் சொல்லாத எல்லாவற்றையும் அதில் கண்டுவிட்டாள் என்று நினைக்கிறேன்.

அவள் கண்ணைத் துடைக்கவில்லை. வாசல் பிள்ளையைக் கூப்பிட்டு, பிரெஞ்சில், இரண்டு பேர் என்றாள். அந்தப் பிள்ளை திரும்பி வந்து இன்னொரு மெனுவை எடுக்கும்வரை அப்படியே நின்றாள்.

எதிரெதிரே இருந்தோம். இரண்டு கரண்டி. மேப்பிள் தார்த் ஒன்றை எடுத்துப் பங்குபோடலாமா என்று கேட்டாள். இரண்டு சட்டி ஐஸ் என் தொண்டை மட்டும் நின்றது. ஓம் என்றேன். தார்த் வந்தது, பெரிய பாதியை என் பக்கம் தள்ளினாள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு துண்டை வெட்டி வாயில் வைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, வெர்டன் தார்த்துக்குக் கிட்டவும் வராது, மா வேகவில்லை.

"நல்லாயிருக்கு," என்றேன்.