வானகரத்து வீட்டுச் சாமான்கள்

ஐஸ் பெட்டியைத் தூக்கிவந்தவர்கள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள். கூடத்தில் அதை இறக்க இடமில்லை.

"இன்னாக்கா இது, ஷோரூம் மாதிரி கீது" என்றான் முன்பக்கம் பிடித்திருந்தவன். பிறகுதான் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தான்.

கூடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை எல்லாம் கலைவாணியுடைய சாமான்கள். இரண்டு கதவு பிரிட்ஜ், வாஷிங் மெஷின், போர்வை சுற்றிச் சுவரில் சாய்த்திருந்த டிவி, அட்டைப்பெட்டிகளுக்குள் ஏசியும் மைக்ரோவேவும். வானகரத்து வாடகை வீட்டைக் காலி செய்தபோது குட்டியானை வண்டியில் ஏற்றி நசரத்பேட்டைக்கு, அப்பாவிடம் அனுப்பியிருந்தாள். அவற்றுக்கு நடுவே, ஓர் ஆள் பக்கவாட்டில் நடக்கும் அளவுக்கு மட்டும் வழி விட்டு அப்பா தன் கட்டிலைப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கட்டிலிலேயே காலையில் எழாமல் இருந்துவிட்டார். பால் வாங்க வெளியே வரவில்லையே என்று பக்கத்து வீட்டு ராணிதான் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள்.

"வாஷிங் மெஷின வராண்டாவுல வைங்க" என்றார் தேவராஜ் சித்தப்பா. "அந்தப் பொட்டிங்கள சமையக்கட்டுக்குத் தள்ளு. அண்ணனுக்கு எடம் பண்ணுங்கப்பா."

நான்கு பேர் சேர்ந்து மெஷினை நகர்த்தினார்கள். உள்ளே ஏதோ கனமாக உருண்டு இடித்தது.

"உள்ள இன்னாவோ கீது மாமே."

"துணியா இருக்கும். தூக்கு."

துணி அப்படி இடிக்காது என்று கலைவாணிக்குத் தோன்றியது.

ஐஸ் பெட்டி இறங்கியது. அப்பாவை அதற்குள் மாற்றினார்கள். கண்ணாடி மூடி விழுந்ததும் பெட்டிக்காரன் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரைத் தேடினான்.

"பெரிய பிளக் எங்கக்கா?"

கூடத்தில் ஒரே ஒரு பெரிய பிளக்தான். அதில் அவளுடைய பிரிட்ஜ் மாட்டியிருந்தது. மாட்டியிருந்தது மட்டுமல்ல, ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நேரம் அந்தச் சத்தம் காதில் இருந்திருக்கிறது, அவள்தான் கவனிக்கவில்லை. அப்பா தனியாள், சமையலறையில் அவருக்கென்று பழைய ஒற்றைக் கதவு பிரிட்ஜ் இருந்தது. இதை நிறுத்தித்தான் வைத்திருப்பார் என்று நினைத்திருந்தாள்.

"உள்ள எதுனா இருந்தா எடுத்துரு கண்ணு. நாளைக்குக் காலைல வரைக்கும் ஆஃப்லதான் கெடக்கும்" என்றாள் ராணி.

கதவைத் திறந்தாள்.

பால் இல்லை, மாவு இல்லை, அப்பாவுடையது எதுவும் இல்லை. கதவுத் தட்டில் பாதி சாஸ் பாட்டில். அதன் பக்கத்தில் மூடி உடைந்த ஊறுகாய் ஜாடி. மேல் அடுக்கில், கணவன் சந்தோஷ் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து. வீடு காலி செய்த அன்று ஒரு பையில் போட்டு, "தூக்கிப் போட்டுடுங்கப்பா" என்று சொல்லிக் கொடுத்தவை. ஒவ்வொன்றும் வானகரத்தில் எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்தில் இருந்தது. மேலே உறைபெட்டியில் மகள் சிம்ரன் பாதி தின்றுவிட்டு வைத்த ஐஸ்கிரீம் கப், உருகி மறுபடி உறைந்து, சிறிய பிளாஸ்டிக் கரண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து அதில் குத்திக்கொண்டு நின்றது.

எதையும் எடுக்காமல் மூடினாள்.

"ஒண்ணுமில்ல. கழட்டிடுங்க."

பெட்டிக்காரன் பிளக்கைப் பிடுங்கினான். பிரிட்ஜ் ஒருமுறை உடம்பைக் குலுக்கி அடங்கியது. அடுத்த நொடி ஐஸ் பெட்டி ஓடத் தொடங்கியது. இரண்டுக்கும் ஒரே மாதிரி சத்தம்தான்.

அன்று எடுக்க முடியாது. ஆண்பிள்ளை இல்லாத வீடு; கொள்ளி வைக்கச் சித்தப்பாவின் மகன் ஜெகன் ஓசூரிலிருந்து வந்தாக வேண்டும். வந்தவர்கள் மாலை போட்டு, பெட்டியைச் சுற்றி நடக்க இடமில்லாமல் ஒரு பக்கமாகவே நின்று பார்த்துவிட்டு வெளியே போனார்கள். போகிறபோது எல்லோரும் பிரிட்ஜைப் பார்த்தார்கள்.

"அடுத்த வாரம்தானே நீ கெளம்புற?" என்றாள் ஒருத்தி.

"ஆமா."

"பொண்ணு போறதுக்குள்ள முந்திக்கினாரு பாரு."

மெல்போர்னிலிருந்து சந்தோஷ் மூன்றாம் முறையாகக் கூப்பிட்டான். அவன் போய் நான்கு மாதமாகிறது. வாடகைக்கு வீடு பிடித்துவிட்டான், சிம்ரனுக்குப் பள்ளிக்கூடமும் பார்த்துவிட்டான்.

"டிக்கெட்ட தள்ளிப் போடட்டுமா கலை? காரியம் முடிஞ்சு வர்றியா?"

"ம்."

"சாமான்லாம் என்ன பண்றது? நான் அப்பவே வித்துடலாம்னு சொன்னேன். வேணும்னா ஆன்லைன்ல போட்டுடவா?"

அவள் கண்ணாடி மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உட்புறம் புகைபோல் பனி படியத் தொடங்கியிருந்தது.

"கலை, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். அப்புறம் பேசறேன்."

விற்றுவிடலாம் என்று அவன் சொன்னது உண்மைதான். விற்றால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்று அவள்தான் மறுத்தாள். திரும்பி வருகிறவர்கள் பிரிட்ஜை விற்க மாட்டார்கள். வானகரத்து வீட்டில் சாமான்களுக்கு நடுவே நின்றுகொண்டு அப்பா கேட்டார், "ஏம்மா, இதுல கொஞ்சமாவது எட்த்துக்கினு போவ முடியாதா? மிக்ஸி, கிக்ஸி?"

"அங்க கரண்ட்டே வேறப்பா. நம்ம சாமான் எதுவும் அங்க ஓடாது. உங்ககிட்டயே இருக்கட்டும். ரெண்டு வருஷத்துல வந்துடப் போறோம், அப்ப எதுக்குப் புதுசா வாங்கணும்?"

எவ்வளவு எளிதாக வந்தது அந்தப் பேச்சு. அங்கேயே தங்கிவிடுவதற்கான விசா கையில் இருந்தது. அப்பா கொஞ்ச நேரம் பிரிட்ஜின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி, நான் பாத்துக்கறேன்" என்றார்.

அதன்பின் அவள் திருவேற்காட்டில் மாமியார் வீட்டில் இருந்தாள். அப்பா போன் செய்யும்போதெல்லாம், "ஒன் பிரிட்ஜு நல்லா ஓடிகினு கீதும்மா. வந்தா அப்டியே எட்த்துக்கலாம்" என்பார். அவள் "சரிப்பா" என்பாள். வேறு பேச்சு அதிகம் இருக்காது. அவர் நம்பிவிட்டார் என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது. நம்பிக்கொண்டேதான் செத்தாரா? கேட்க யாரும் இல்லை.

மறுநாள் காலை ஜெகன் வந்ததும் எடுத்தார்கள். பெண்கள் தெருமுனை வரை போய் நின்றார்கள். பறைச்சத்தம் நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சலுக்குள் போய்க் கலந்தது. கலைவாணி திரும்பி வந்தபோது ஐஸ் பெட்டியையும் கொண்டுபோயிருந்தார்கள். கூடத்தின் நடுவே பெட்டி இருந்த இடம் மட்டும் நீளவாக்கில் ஈரமாக இருந்தது.

ராணி வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள். "மெஷினுக்குப் பின்னாடில்லாம் அடிச்சு கழுவணும். நீ ஒக்காரு கண்ணு, நான் ஊத்தறேன்."

வராண்டாவில் வாஷிங் மெஷின் தெருவைப் பார்த்து நின்றது. அதன் வட்டக் கண்ணாடிக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கலைவாணி குனிந்து கதவை இழுத்தாள்.

அப்பாவின் வேட்டி. மூட்டையாகக் கட்டியிருந்தது. அவிழ்த்தபோது அவளுடைய மிக்ஸி இருந்தது. ஜார்களைத் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றியிருந்தார். மூடிகளை ஜார்களோடு சேர்த்து, கழன்று விடாதபடி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்.

"அதுவா, அதத்தான் உள்ள வெச்சிருந்தாரா?" என்றாள் ராணி, தண்ணீரை ஊற்றிக்கொண்டே. "ஒரு மாசத்துக்கு முன்ன பூந்தமல்லிக்கு எட்த்துக்கினு போனாரு. அந்த ஊர்ல ஓடுமா ஓடாதான்னு கேக்கறதுக்கு. வெயில்ல, மடியில வெச்சிக்கினு ஷேர் ஆட்டோல. ஓடுமாமே?"

கலைவாணி நிமிரவில்லை.

"அந்த ஊர்லயும் நம்ம கரண்ட்டுதானாம். பின்னுதான் வேறயாம், கடைக்காரன் சொன்னானாம். அதயும் வாங்கிக்கினு வந்து என்கிட்ட காட்டுனாரு. கலைகிட்ட சொல்லலியாண்ணேன்னு கேட்டேன். இப்ப சொல்லாத ராணி, அது பிளேன் ஏற வேண்டிய அன்னிக்கு கையில குடுத்துக்கறேன்னாரு."

"வேற ஒண்ணும் சொல்லலியாக்கா?"

ராணி வாளியை வைத்துவிட்டு யோசித்தாள். "இன்னா சொன்னாரு... ஒண்ணும் சொல்லல. அந்தச் சாமானுங்ககிட்ட ஒக்காந்துகினே இருந்தாரு. அப்பறம் ரசம் வெக்கணும்னு எழுந்து போய்ட்டாரு."

ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் எத்தனை முறை போன் செய்திருப்பார். ஒன் பிரிட்ஜு நல்லா ஓடிகினு கீதும்மா. வந்தா அப்டியே எட்த்துக்கலாம்.

ராணி தண்ணீர் பிடிக்கப் பின்கட்டுக்குப் போனாள். கலைவாணி மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து ஈரத்தில் கால் வைக்காமல் உட்கார்ந்தாள். ஒயரை மடித்து நூலால் கட்டியிருந்தார். முடிச்சு எளிதில் அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். அதன் அடியில் சிறிய பிளாஸ்டிக் உறை. உறைக்குள் கைக்கு அடக்கமாக ஒரு வெள்ளை அடாப்டர். ஒரு முகத்தில் வட்டத் துளைகள். மறுமுகத்தில் சாய்வாக எதிரெதிரே நின்ற இரண்டு தட்டைத் தகடுகள், நடுவில் கீழே நேராக ஒன்று.

சுவரைப் பார்த்தாள். ஒயரைப் பிடுங்கிய ஐஸ் பெட்டிக்காரன் சுவிட்சை நிறுத்தாமல் போயிருந்தான். பெரிய பிளக்கின் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிரிட்ஜின் ஒயர் தரையில் கிடந்தது. கதவின் அடிவிளிம்பிலிருந்து, உருகிய ஐஸ்கிரீமாக இருக்கலாம், ஒரு கோடு மெல்ல இறங்கி ஈரத்தோடு சேர்ந்தது.

மிக்ஸியின் பிளக்கை அடாப்டரில் வைத்து அழுத்தினாள். சரியாகப் பொருந்தியது.

தெருவில் ஆட்கள் திரும்பி வரும் சத்தம் கேட்டது. வாசல் குழாயில் யாரோ கால் கழுவினார்கள். அவள் அடாப்டரைக் கழற்றவில்லை. அந்தச் சாய்ந்த தகடுகள் மேல்நோக்கி இருக்க, அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.