பேருந்து நேரம் காட்டும் பக்கம்

தேர்வைத் தாளில்தான் எழுத வேண்டும் என்று நான் சொன்னதும் பதினொரு ஆசிரியர்களும் முனகினார்கள்.

"தாள்லயா? இத்தனை கம்ப்யூட்டர் சும்மா உக்காந்திருக்கு, நூரிஸா!" என்றார் ஜிபார் எஜே. தரவுத்தளப் பாடம் நடத்துபவர். என்னைவிடப் பத்து வயது பெரியவர். எஜே என்றால் எங்கள் மொழியில் அக்கா; அப்படித்தான் என்னிடம் பழகுவார்.

"இது நம்ம துறையோட மரபு எஜே. கையால எழுதினாத்தான் மண்டையில நிக்கும்னு எனக்குச் சொன்னவரே இங்க இருக்கார். இல்லையா அகாய்?"

கடைசி வரிசையில் ஜொல்தோஷ் அகாய், எனக்குப் பாடம் நடத்திய ஆசிரியர், சிரித்தார். வேறு வழியில்லை. முப்பது வருடமாக இதே பல்கலைக்கழகத்தில் மாணவர்களை அப்படித்தான் எழுத வைத்தவர்.

பல்கலைக்கழகத்தின் புதிய விதி இது. கணினி கற்பிக்கும் எல்லோரும் இணையத் தொழில்நுட்பத்தில் எழுபத்திரண்டு மணிநேரப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். இல்லையென்றால் செப்டம்பரில் ஒப்பந்தம் கிடையாது. பயிற்சி நடத்த வெளியிலிருந்து ஒருவரைத் தேடினார்கள். தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கும் என் நிறுவனத்துக்கு அந்தக் கடிதம் வந்தபோது, வேலை அதிகம் என்று தட்டிக்கழித்திருக்கலாம். பயிற்சி பெறுவோர் பட்டியலில் மூன்றாவதாக ஜொல்தோஷ் அகாயின் பெயர் இருந்தது. அன்றே சம்மதித்தேன்.

முதல் நாளே அவர் என்னை அணைத்துக்கொண்டு எல்லோரிடமும் சொன்னார்: "என் மாணவி! என் கையில வளந்த பொண்ணு! இன்னிக்கு எனக்கே பாடம் எடுக்க வந்திருக்கா, பாருங்க!"

அவர் மறக்கவில்லை. மறந்திருந்தால் ஒருவேளை மன்னித்திருப்பேன். எல்லாம் நினைவிருந்தும் அந்தக் கதையில் தன்னை எனக்கு வாழ்வு கொடுத்தவராக மாற்றிவைத்திருந்தார். அன்று தேநீர் இடைவேளையில் அவருடைய கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தேன். எங்கள் வழக்கத்தில் பாதிக்கு மேல் ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம். ஜிபார் எஜே மட்டும் கவனித்தார். "அடிப்பாவி" என்று உதடு மட்டும் அசைந்தது.

பதின்மூன்று வருடத்துக்கு முன், இங்கே படிக்கும்போது, நான் ஒரு இணையப் பக்கம் செய்தேன். நகரப் பேருந்து எந்த நிறுத்தத்துக்கு எப்போது வரும் என்று காட்டும் பக்கம். குளிரில் அம்மா நாற்பது நிமிடம் நின்று உறைந்துபோய் வீட்டுக்கு வருவார், அதற்காகச் செய்தது. நான்காம் ஆண்டில் அகாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருடைய அக்கா மகன் ஏர்மெக் பட்டத்துக்கான செய்முறைத் திட்டத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. "உனக்கு மூளை இருக்கு மகளே, இன்னொண்ணு செஞ்சுக்குவ. இதை அவனுக்குக் குடு." முடியாது என்றேன்.

பத்து நாள் கழித்து வாய்மொழித் தேர்வு. ஐந்துக்கு இரண்டு போட்டார்; அது தோல்வி. முதலில் எழுதிக் காட்டிய தாளில் ஒரு HTML டேக்கை மூட மறந்திருந்தேன். "ஆட்டுப்பட்டிக் கதவைத் திறந்து விட்டுட்டு வர்ற பொண்ணு, நாளைக்கு என்ன குடித்தனம் பண்ணும்?" என்று சத்தமாகச் சொன்னார். பின்வரிசை சிரித்தது. தேர்வுக் குழுவுக்குச் சாப்பாடு போடுவது மாணவர்கள் வழக்கம். அன்று பரிமாறும் முறை என்னுடையது. தோற்ற இரண்டு மணிநேரத்தில் அவருக்குத் தேநீர் ஊற்றினேன். இறைச்சி மென்மையாக இருக்கிறது என்று பாராட்டினார்.

அரசுச் செலவில் படித்த என் இடம் போயிற்று. இரண்டு வருடம் தையல் கூடத்தில் காலர் வைத்தேன். அந்த இடைவெளியில் ஏர்மெக் என் பக்கத்தோடு பட்டம் வாங்கினான். வழிகாட்டி: ஜொல்தோஷ் அகாய்.

இப்போது மேசைமேல் பதினொரு கேள்விச் சீட்டுகளைக் கவிழ்த்துப் பரப்பினேன். ஜன்னல் வழியாகப் பாப்ளர் மரத்துப் பஞ்சு உள்ளே மிதந்து வந்து சீட்டுகள்மேல் ஒட்டியது.

"மூத்தவங்க முதல்ல" என்றேன்.

அதைச் சொல்லவே தேவையில்லை. அவர் எடுக்காமல் வேறு யாரும் கை நீட்டமாட்டார்கள். என் திட்டம் முழுக்க அந்த மரியாதைமேல்தான் நின்றது. பதினொரு சீட்டிலும் ஒரே கேள்வி. அவர் ஒன்றை எடுத்ததும், மீதியைக் கலைக்கிறேன் என்று வாரிப் பையில் போட்டுவிட்டு, உண்மையான சீட்டுக் கட்டைப் பரப்பினேன்.

அவர் இடத்துக்குப் போய்க் கண்ணாடியை மாட்டினார். கேள்வி இது: நகரப் பேருந்துகள் வரும் நேரத்தைச் சர்வரிலிருந்து பெற்று, பக்கத்தை மறுபடி ஏற்றாமல் காட்டும் இணையப் பக்கம் ஒன்றை முழுமையாக எழுதுக.

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் நான் எழுபத்திரண்டு மணிநேரம் பாடம் எடுத்திருந்தேன்.

நாற்பது நிமிடம் கழித்து என்முன் வந்து உட்கார்ந்தார். தாளில் ஏழு வரி. தலைப்பு, ஒரு அட்டவணை, அதில் கையால் எழுதிய மூன்று பேருந்து எண்கள். சர்வர் வரவே இல்லை.

"நேரம் எங்கேருந்து வரும் அகாய்?"

"அது... இங்கேருந்து" என்று அட்டவணையைத் தொட்டார். குரலைத் தாழ்த்தினார். "நூரிஸா, எனக்குப் பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. வெளையாடாதே."

"இந்தப் பக்கத்தை நீங்க ஒரு தடவை பரிசோதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. யார் எழுதினதுன்னு சொல்லுங்க."

"எதுக்கு?"

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

பதின்மூன்று வருடமாக இந்த இடத்தை மனத்துக்குள் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். அவர் மறுப்பார், கோபப்படுவார், அழுவார். மூன்றில் எது வந்தாலும் பதில் வைத்திருந்தேன்.

அவர் திரும்பி, தோளைக் குலுக்கிக்கொண்டு, உரக்கவே சொன்னார்: "கேட்டுக்குங்கப்பா! என் அக்கா மகன் பட்டத்துக்குக் குடுத்தது இவ செஞ்சது. நான்தான் எடுத்துக் குடுத்தேன். போதுமா?"

"அட, அந்தக் காலத்துல யாரு தானே எழுதினாங்க?" என்று யாரோ சிரித்தார்கள். இன்னொருவர், "என்னோடதையே என் பொண்டாட்டிதான் எழுதினா" என்றார். அறை இளகியது. அகாயும் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பிப் பேனாவைக் கண்ணால் காட்டினார். தேறியதாகப் போடு என்று.

அவ்வளவு மலிவாக வந்தது அது. என் இரண்டு வருடம், ஊசி குத்திய என் விரல்கள், அம்மாவின் குளிர், எல்லாம் ஒரு சிரிப்பில் முடிந்துபோயின. அவருக்கு அதைச் சொல்வதில் ஒன்றும் போகவில்லை. அவருக்கு நஷ்டமே இல்லாத ஒன்றைத்தான் நான் கேட்டிருக்கிறேன்.

பதிவேட்டில் 'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

"சொன்னேனே!" இப்போதுதான் அவர் முகம் மாறியது. "எல்லார் முன்னாடியும் சொன்னேனே மகளே!"

"சொன்னீங்க. சீட்டுல அது கேள்வி இல்ல."

ஜிபார் எஜே எழுந்து வந்தார். "நூரிஸா, மனுஷனாப் பாரு. வயசானவரு."

"தாளைப் பாருங்க எஜே. இதை உங்க பசங்களுக்குச் சொல்லிக்குடுக்க விடுவீங்களா?"

அவர் தாளைப் பார்த்தார். தன் இடத்துக்குத் திரும்பினார். நான் சொன்னது நியாயமும்தான். அந்த நியாயம் கைவசம் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவே. தாளில் எழுபது வரி இருந்திருந்தாலும் வேறொரு காரணம் கண்டுபிடித்திருப்பேன்.

அகாய் எழவில்லை. சட்டைப் பையில் கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை, விட்டுவிட்டார். கோபமோ கெஞ்சலோ இல்லாத, இதுவரை அவரிடம் நான் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் கேட்டார்: "இதை எப்படித்தான் எழுதணும்? நேரம் தானா எப்படி மாறுது? அப்பவே எனக்குப் புரியல. உன்கிட்டக் கேக்க வெக்கமா இருந்துச்சு."

உண்மையான கேள்வி. கற்பிக்கிறவர் எவரும் காத்திருக்கிற கேள்வி. ஒரு வெள்ளைத் தாளை இழுத்து பத்து வரியில் சொல்லியிருக்கலாம். பதில் என் விரல் நுனியில் இருந்தது.

"அதை என் மாணவர்களுக்குச் சொல்லித் தருவேன் அகாய்" என்றேன். "அடுத்தவங்க வாங்க."

அவர் வேலை போனதற்காக நான் ஒரு நாளும் வருந்தவில்லை. கடைசியாக அவரிடம் சொன்ன அந்தப் பதிலை மட்டும் அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறேன். இன்னும் கூர்மையாகத்தான் இருக்கிறது. திருப்பி வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.