மாப்பிள்ளைக்கு இரண்டு ஜோடி மாடு

எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அதனால் மாப்பிள்ளையை அழைத்து வர, பெண் வீட்டுப் பிள்ளையாக நான் போக வேண்டியதாயிற்று. அலங்காரத்துக்கு உட்காரும் முன் அக்கா கௌசல்யா ஒன்றுதான் சொன்னாள்.

"ஒம்பது மணிக்கு ராகு காலம் ஆரம்பிக்குது. அதுக்குள்ள தாலி ஏறணும். அந்த ஆளு வழியில ஹிஸ்டரி பேச ஆரம்பிச்சா நீதான் நிறுத்தணும்."

"நான் எப்படிக்கா?"

"வாயைத் திறந்துதான்லா."

அந்த ஆள், குரு. கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறார். ரயில் வருவதற்கு முன் சிலாங்கூரில் மக்கள் எப்படிப் பயணம் செய்தார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. பெண் பார்க்க வந்த அன்று அக்காவிடம் அவர் பேசிய முதல் வாக்கியமே அதுதான்.

"டாமன்சாரா வரைக்கும் ஆத்துல படகு. அங்கேருந்து கோலாலம்பூருக்கு எப்படிப் போயிருப்பாங்க, சொல்லுங்க?"

"கிராப் டாக்சியில," என்றாள் அக்கா.

அத்தான் அங்கேயே விழுந்துவிட்டார்.

ஆகவே, கிள்ளானில் கல்யாணம் என்று முடிவானதும் மாப்பிள்ளை கூண்டு வண்டியில்தான் வருவேன் என்றார். அதிலும் ஒரு நிபந்தனை. பாதி வழியில் மாடு மாற்ற வேண்டும். இங்கிலாந்தில் குதிரை வண்டிகள் அப்படித்தான் ஓடினவாம். சில மைலுக்கு ஒரு தங்கல். களைத்த குதிரையை அவிழ்த்துவிட்டுப் புதுக் குதிரையைப் பூட்டுவார்கள். தங்கல் தங்கலாகப் போனதால்தான் அதற்கு ஸ்டேஜ் கோச் என்று பெயர்.

"நம்ம ஊர்லயும் அப்படி மாத்தினாங்களா, அத்தான்?"

"அதுக்கு ஆதாரம் கிடைக்கல."

"அதான் நீங்களே செஞ்சு வைக்கறீங்களா?"

அவர் சிரித்தார். ஆனாலும் மாற்றினார். அவர் வீட்டிலிருந்து மண்டபம் இரண்டு மைல்கூட இல்லை. முதல் ஜோடிக்கு வாயில் நுரைகூடத் தள்ளவில்லை. பெட்ரோல் நிலையத்துக்குப் பக்கத்துத் திடலில் அவற்றை அவிழ்த்தோம். அங்கே மாட்டுக்காரர் சின்னையா அண்ணன் இன்னொரு ஜோடியோடு காத்திருந்தார். நல்ல வெள்ளை மாடுகள், கொம்பில் குஞ்சம்.

"கோயில் தேர் இழுக்கிற மாடு, தம்பி. கூட்டம், மேளம் எதுக்கும் மிரளாது," என்றார் அத்தானிடம்.

மிரளவில்லைதான். லிட்டில் இந்தியா கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் முதல் பூக்கடை முன்னால் நின்றன. அவ்வளவுதான். சின்னையா அண்ணன் நாக்கைச் சொடுக்கினார், தட்டினார், கெஞ்சினார். மாடுகள் கடையையே பார்த்துக்கொண்டிருந்தன. வாசலில் மேசை. மேசைமேல் தட்டு.

அண்ணன் கழுத்தைச் சொறிந்தார். "தேருன்னு நெனச்சிருச்சு. திருவிழாவுல மேசை போட்ட கடையிலெல்லாம் நிக்கும். தேங்கா ஒடைச்சாத்தான் நகரும்."

"அப்ப ஒடைங்களேன்!" என்றார் வண்டிக்குள் இருந்த தங்கமணி, அத்தானுடைய அத்தை.

பூக்கடை அக்காவே ஒரு தேங்காய் கொண்டுவந்து உடைத்தாள். மாடுகள் நடந்தன. அடுத்த கடை வரைக்கும். அங்கேயும் மேசை. அதற்கடுத்த இனிப்புக் கடையிலும் மேசை. பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. பட்டும் மாலையுமாக உட்கார்ந்திருந்த அத்தானைப் பார்த்து ஒரு ஆன்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அத்தானுக்கு ஒரே பரவசம். "பாத்தியா ஷாமினி, அந்தக் காலத்துலயும் இப்படித்தான், எங்க நிக்கும், எப்பப் போய்ச் சேரும்னு யாருக்கும்..."

"அத்தான், மணியைப் பாருங்க."

பார்த்தார். முகம் மாறியது. மண்டபம் தெருக்கோடியில் தெரிந்தது. நடுவில் எத்தனை மேசை என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன்.

"இறங்கி ஓடிரலாம்," என்றார்.

"உக்காருடா," என்றார் அத்தை. "அழைச்சிட்டுப் போற மாப்பிள்ளை நடுரோட்டுல இறங்குறதா? பொண்ணு வீட்டுப் பிள்ளை கால் கழுவி, ஆரத்தி எடுத்தப்புறம்தான் கால் தரையில படணும்."

அத்தான் உட்கார்ந்தார். மாடுகளும் அசையவில்லை. வண்டி இப்போது இன்னொரு பூக்கடை முன்னால் நின்றிருந்தது.

நான் யோசித்தேன். கால் கழுவ வேண்டிய பிள்ளை நான். நான் இங்கேதான் இருக்கிறேன். மண்டப வாசலில்தான் கழுவ வேண்டும் என்று அத்தை சொல்லவில்லை.

இறங்கிப்போய்க் கடைக்காரப் பெண்ணிடம் கேட்டேன். ஹாரன் சத்தத்தில் அவளுக்குக் காதில் விழவில்லை. மறுபடியும் கேட்டேன்.

"என்னம்மா, மல்லியா?"

"தண்ணி வேணும்கா! மாப்பிள்ளை கால் கழுவணும்!"

தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் காது சூடாகிவிட்டது. ஆனால் பூவுக்குத் தெளிக்கிற வாளி வந்துவிட்டது. அத்தான் வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டார். கழுவினேன். வாளியில் மிதந்த ரோஜா இதழ் ஒன்று அவர் பெருவிரலில் ஒட்டிக்கொண்டது. கடைக்காரப் பெண் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தி எடுத்தாள்.

அத்தை எல்லாவற்றையும் கூர்ந்து பார்த்தார். குறை தேடினார்.

"சந்தனம்?" என்றார்.

வைத்தேன்.

"ம். சரி. ஓடு."

அத்தான் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். நான் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஐயர் மண்டப வாசலுக்கே வந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மணமேடையில் அக்கா தலையைக் குனிந்தபடி, "வண்டி எங்க?" என்று கேட்டாள்.

"இனிப்புக் கடை தாண்டி வந்துட்டு இருக்கு," என்றார் அத்தான், மூச்சிரைக்க. "உண்மையில பாரு கௌசி, டாமன்சாரா ரோட்டுல..."

"முதல்ல தாலி."

கெட்டி மேளம் கொட்டியது. மூன்று முடிச்சும் போட்டார். ஒன்பதுக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது.

வீடியோவில் அந்த இடம் மிக அழகாக வந்திருக்கிறது. முடிச்சுப் போட்டுக்கொண்டே அத்தான் அக்காவின் காதில் ஏதோ சொல்கிறார்; அக்கா தாங்கமாட்டாமல் சிரிக்கிறாள். பார்ப்பவர்கள் எல்லாம், "என்ன சொன்னாரு, என்ன சொன்னாரு?" என்று அக்காவைக் கிண்டல் செய்கிறார்கள். அவள் வெட்கப்படுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். மழைக்காலத்தில் அந்தச் சாலையில் சேறு வண்டியின் அச்சு வரைக்கும் இருக்கும் என்று சொன்னார்.