தெளிந்த வளையம்

வெறும் மெதனோல் விட்ட தாளைச் சுற்றியும் கிருமி செத்துக் கிடந்தது. சுபோதினி தட்டை ஆய்வுகூட வெளிச்சத்துக்குத் தூக்கி மறுபடியும் பார்த்தாள்.

பத்து நாட்களுக்கு முன்னர் குப்பைமேனி இலையை மெதனோல் என்ற கரைப்பானில் ஊறவைத்து எடுத்த சாற்றைச் சின்ன வட்டத் தாள்களில் விட்டு, கிருமி வளரும் தட்டில் வைத்தாள். தாள்களை முதலில் நன்றாக உலரவிடவேண்டும். அன்றைக்கு ரெயினுக்கு நேரமாகிவிட்டதென்று ஈரத்தோடேயே வைத்துவிட்டு ஓடினாள். போதாக்குறைக்கு, ஒப்பிட்டுப் பார்க்கும் தாளில் மெதனோலுக்குப் பதில் தண்ணீரை விட்டிருந்தாள். அடுத்த நாள் சாறு விட்ட தாள்களைச் சுற்றி மட்டும் கண்ணாடிபோலத் தெளிந்த வளையங்கள். அதே சாறு ஊதாச் சாயத்தை மஞ்சளாக்கி, அன்டிஒக்சிடன்ட் சோதனையிலும் தேறியிருந்தது. அவளுக்குத் தலைகால் தெரியவில்லை. தட்டைப் படம் பிடித்து, குப்பைமேனி கிருமியைக் கொல்லுது என்று எழுதி அப்பாவுக்கு அனுப்பினாள்.

மெதனோலை மட்டும் விட்டுத் திரும்பச் செய்து பார் என்று சொன்னது, பல்கலைக்கழகத்தில் அவளது ஆய்வைப் பொறுப்பெடுத்திருந்த செலீன் மிஸ். பார்த்தாயிற்று. கிருமியைக் கொன்றது மெதனோல்.

ஆய்வு போனால் போகட்டும், இன்னொருக்கால் செய்யலாம். அப்பாவின் கால்விரலை எப்படித் திரும்பச் செய்வது? அப்பா நாகேந்திரத்துக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. விரலில் புண் வந்து, டொக்டர் இரண்டு கிழமைக்குக் கிருமிகொல்லிக் குளிசை கொடுத்திருந்தார். முற்றினால் விரலை எடுக்கவேண்டிவரும் என்றும் சொல்லியிருந்தார். படம் வந்த நாளிலிருந்து அம்மா அந்தப் புண்ணுக்குக் குப்பைமேனி அரைத்துக் கட்டுகிறாள். சுபோதினிக்கு அது தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. உள்ளுக்குள் பெருமையாக இருந்தது, அதுதான் உண்மை. குளிசையும் போடுகிறார்தானே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

கொழும்பு காலி வீதியின் நெரிசலில் பஸ் நகர்ந்து நகர்ந்து வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தது. வீட்டுக்குள் நுழைந்தவள் முதலில் மருந்துப் பெட்டியைத் திறந்தாள். குளிசை அட்டையில் நாலே நாலுதான் குறைந்திருந்தது.

நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் அப்பாவிடம் சொன்னாள். நாகேந்திரம் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இலை குழையெண்டால் நான் திரும்பியும் பாக்கமாட்டன், உனக்குத் தெரியும்தானே பிள்ளை," என்றார். "கொம்மா எத்தினை வருசமாச் சொன்னவ, கேட்டனானே? நீ படத்தோட காட்டினபடியால்தான் குளிசையை விட்டனான்."

"நோகுதோ அப்பா?"

"இல்லை. நாலு நாளா ஒரு நோவும் இல்லை. மாறுது எண்டுதான் நினைச்சன்."

கட்டை அவிழ்த்தாள். பச்சை விழுதுக்குக் கீழே விரல் நுனி கறுத்திருந்தது. அவள் தொட்டது அவருக்குத் தெரியவேயில்லை. சுபோதினி அழவில்லை, அழ நேரமில்லை. அம்மாவை ஓட்டோ பிடிக்கச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் விரலைப் பார்த்து முகம் சுளித்தார். ஏன் குளிசையை நிறுத்தினீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். நாகேந்திரம் முப்பது வருடம் அலுவலகத்தில் பேசிப் பழகிய கந்தோர்ச் சிங்களத்தில், வயது போய்விட்டது, மறந்துபோனேன் என்றார். ஒரு கடிதத்தில் திகதி பிழைத்தாலே சாப்பாடு இறங்காத மனுசன், மகளின் முகத்தைப் பாராமலே பொய் சொன்னார். அவர் வைதிருந்தால்கூடச் சுபோதினி தாங்கியிருப்பாள்.

டொக்டர் அதை அப்படியே எழுதத் தொடங்கினார்.

சுபோதினி போனை எடுத்து அந்தப் படத்தைத் தேடினாள். அப்பா அவள் கையைப் பிடித்து, பேசாமல் இரு என்பதுபோல அழுத்தினார். அவள் போனை மற்றக் கைக்கு மாற்றி டொக்டரின் முன்னால் நீட்டினாள்.

அவர் மறக்கவில்லை, நான் அனுப்பிய இந்தப் படத்தை நம்பித்தான் நிறுத்தினார் என்றாள்.