விரிப்பின் மறுமுனை

பொழுது வெளுப்பதற்கு முன்பே சலவைக் கூடத்தில் துணி வெந்துகொண்டிருந்தது. பாய்லர் உறுமியது. ராட்சத உருளைகள் வயிறு முட்டத் தின்ற மாடுகள் போல மெதுவாகப் புரண்டன. பிளீச்சிங் நெடி முகமூடியைத் தாண்டி மூக்கில் ஏறி, கண்ணில் நீராக இறங்கியது. ஈரத்துணியை உருளையிலிருந்து இழுப்பது கிணற்றில் விழுந்த ஆளைத் தூக்குவது மாதிரி. தோள் கழன்றுவிடும். அங்கே வந்ததெல்லாம் ஆஸ்பத்திரி விரிப்புகள். ஊரே படுத்துக் கிடந்த காலம் அது. படுத்தவர் எழுந்தாலும் எழாமலே போனாலும் விரிப்பு மட்டும் தவறாமல் சலவைக்கு வந்துவிடும்.

கூடத்தின் கடைக்கோடியில் மடிப்பு மேடை. அங்கே முக்காலி நின்றாள். பெற்றவர்கள் வைத்த பேர் அது இல்லை. ஆள் குட்டை, அகலம், யார் இடித்தாலும் சாயமாட்டாள் என்பதால் பாய்லர்காரர் வைத்த பேர். அவளோடு ஜோடியாக மடித்தவள் நெட்டை. அதனால் அவள் ஏணி. “ஏணியும் முக்காலியும் ஒரே இடத்துல இருக்கு. பரண்மேல எதை வச்சாலும் பத்திரமில்ல” என்பார் அவர். ஏணிக்கு அந்தக் கேலி ரொம்பப் பிடிக்கும்.

இப்போது ஏணி இல்லை.

விரிப்பு மடிப்பது ஒற்றை ஆள் வேலை அல்ல. ஆளுக்கு இரண்டு நுனி. பிடித்து, உதறி, இழுத்துச் சுருக்கம் எடுத்து, எதிரெதிரே நடந்து வந்து நுனியோடு நுனி சேர்க்க வேண்டும். உருளைகளின் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. ஆகவே மடிப்பவர்களுக்கு என்று ஒரு பாஷை உண்டு. துணியை இரண்டு முறை சுண்டினால் ‘தயாரா?’ என்று அர்த்தம். எதிராளியும் இரண்டு சுண்டு சுண்டினால் நடக்கலாம். ஏணியின் சுண்டு முக்காலிக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். முதல் சுண்டு அழுத்தமாக இருக்கும். இரண்டாவது, முதலாவதற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி மெதுவாக வரும்.

ஏணி போன பிறகு முதலாளி சுவரில் ஓர் இரும்புக் கொக்கி அடித்துக் கொடுத்தார். “புது ஆள் போடுற நிலைமை இல்லம்மா. தனியா மடிச்சா உனக்கும் பாதுகாப்புதான்” என்றார். கொக்கியும் நல்ல ஜோடிதான். இருமாது, லீவு கேட்காது. சுண்டவும் சுண்டாது. ஆனாலும் கை பழகிய பழக்கம், ஒவ்வொரு விரிப்பையும் மாட்டிவிட்டு முக்காலி இரண்டு சுண்டு கொடுப்பாள். ஒரு மூச்சு நேரம் நிற்பாள். பிறகு தானே நடப்பாள்.

அன்று விடியலில் மறுமுனையிலிருந்து பதில் வந்தது. ஒன்று அழுத்தமாக. ஒன்று மெதுவாக.

முக்காலி விரிப்பைக் கைவிட்டாள். சுவரோரம் ஆள் சரிவது போல அது சரிந்தது. கொக்கி அசையாமல் இருந்தது. காற்றாடி அந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துணியை எடுத்து மறுபடி மாட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நெற்றிக்கு நேரே காய்ச்சல் பார்க்கும் கருவியை நீட்டுவார்கள்.

நோய் வந்த புதிதில் முதலாளி எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார். வெளியே போய் வந்தால் நோய் உள்ளே வரும். உள்ளே வந்தால் கூடத்தை மூட வேண்டும். மூடினால் ஆஸ்பத்திரிக்கு விரிப்பு கிடையாது, உங்களுக்கு வேலை கிடையாது. ஆகவே எல்லோரும் கொஞ்ச காலம் இங்கேயே தங்குங்கள், சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள். பாய்லர்காரர் முறைத்துக்கொண்டு நின்றார். முதலில் கை தூக்கியவள் முக்காலி. அவள் கணவருக்கு நெஞ்சு பலவீனம், படி ஏறினாலே இளைக்கும். பகலெல்லாம் நோயாளி விரிப்பைத் தொட்ட கையோடு அந்த வீட்டுக்குள் நுழைய அவளுக்குப் பயம். பக்கத்தில் நின்ற ஏணி அவளைப் பார்த்தாள், தன் நீளக் கையையும் தூக்கினாள். “மடிப்புல ஒரு கை தூக்குனா எதிர்க்கை சும்மா இருக்குமா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே தூக்கினார்கள்.

மறுநாள் வாசல் கதவில் குழந்தைத் தலை அளவுக்கு ஒரு பூட்டு தொங்கியது. பூட்டைப் பற்றி யாரும் கை தூக்கவில்லை. சாவி முதலாளி சட்டைப் பையில் இருந்தது. காலையில் வண்டி வரும்போது அவரே வந்து திறப்பார், வண்டி போனதும் அவரே பூட்டுவார். வேலை நேரத்தில் ஆறடி தள்ளி நிற்க வேண்டும், டீக்குச் சுண்ணாம்பு வட்டத்துக்குள் உட்கார வேண்டும், கூடிப் பேசக் கூடாது. படுக்கை மட்டும் மாடியில் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாகக் கிடந்தது. ராத்திரி ஆனால் நோயும் தூங்கிவிடும் போல.

ஏணிக்கு மூச்சு முட்டியது ஒரு விடியற்காலையில். வாட்ச்மேன் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றார். “எங்கிட்ட சாவி இல்லம்மா, சத்தியமா இல்லம்மா” என்று தலையில் அடித்துக்கொண்டார். முதலாளி வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பாய்லர்காரர் கரி கிளறும் கம்பியால் பூட்டை நெம்பினார். கம்பி வளைந்தது, பூட்டு வளையவில்லை. முக்காலி ஏணியைப் பின்னாலிருந்து அணைத்து உட்கார வைத்துக்கொண்டு கதவையே பார்த்திருந்தாள். முதலாளி வந்து திறந்தபோது வெயில் ஏறியிருந்தது. அழுக்கு மூட்டை ஏற்றும் வண்டியில்தான் ஏணி போனாள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

இரண்டு நாளில் அதே ஆஸ்பத்திரியிலிருந்து மூட்டைகள் வந்தன. வெந்து காய்ந்து மேடைக்கு வந்ததும் முக்காலி ஒவ்வொரு விரிப்பையும் விரித்துப் பார்த்தாள். எது ஏணியை மூடிய விரிப்பு? எல்லாம் வெள்ளை. எல்லாம் சூடாக இருந்தன.

கொக்கியிலிருந்து பதில் சுண்டு வந்த அன்று, கைவிட்ட விரிப்பை மடித்து அடுக்கிய பிறகு டீக்கு மணி அடித்தது. ஆளுக்கொரு வட்டத்தில் உட்கார்ந்தார்கள். பாய்லர்காரர் முகமூடியைத் தாடைக்கு இறக்கி விட்டிருந்தார்.

“குடிச்சு முடிச்சாச்சுல்ல, மேல ஏத்துங்கண்ணே. தாடைக்குக் காய்ச்சல் வராது” என்றாள் முக்காலி.

“ஏத்துறேன். நெருப்பு முன்னாடி நின்னு பாரு, தெரியும். எம் மூக்கு, எம் மூச்சு. அதுக்கும் ஒருத்தன் சட்டம் போடணுமா?”

“மூக்கு உங்களுதுதான். விடுற மூச்சு எங்களுக்குல்ல வருது.”

“அண்ணன் பூண்டு தின்ன அன்னிக்கு எனக்கே வந்துச்சு” என்றாள் சிட்டு. அழுக்கு மூட்டையைப் பிரித்துத் துணி ரகம் பார்க்கிறவள் அவள், கூட்டத்தில் வாயாடி. தான் சொன்னதற்குத் தானே சிரித்தாள், சிரிப்பு இருமலில் முடிந்தது. “ஆவி ஏறிருச்சு” என்று நெஞ்சைத் தடவிக்கொண்டாள்.

பாய்லர்காரர் சிரிக்கவில்லை. “நான் வீட்டுக்குப் போகணும்னா சுயநலம். என் பொண்ணு தாயாகிக் கிடக்குறா, இன்னும் பேரப்பிள்ளை மூஞ்சியப் பாக்கல. கேட்டா கட்டுப்பாடு, கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாட்டுலதான ஏணி...”

நிறுத்திக்கொண்டார். எல்லோரும் அவரவர் டம்ளரைப் பார்த்தார்கள்.

“சொல்லுங்கண்ணே. ஏணி செத்தா. சொல்லுங்க” என்றாள் முக்காலி.

“வாய் தவறிருச்சு தங்கச்சி.”

“தவறல. ஆனா அவ நோயிலதான் செத்தா. நோய் பொய்னு நீங்க சொன்னா, அவ சாவும் பொய்னு ஆயிரும்.”

“நோய் பொய்னு நான் எப்ப சொன்னேன்? பூட்டு நெசம்னு சொல்றேன்.”

முக்காலி டம்ளரைக் கீழே வைத்தாள். அதற்குள் வாசலில் வண்டி ஹாரன் அடித்தது.

முதலாளி கதவைத் திறந்துவிட்டு வழக்கம்போல வெளிப்பக்கமே நின்றார். இரட்டை முகமூடி, கையுறை, தலைக்கு மேல் குடை. வண்டி உள்ளே வந்தது. மூட்டைகளை இறக்கினார்கள். சிட்டு ஒரு மூட்டையைப் பிடித்தாள், தூக்கவில்லை. அதன்மேலேயே உட்கார்ந்தாள். முக்காலி அவள் மூச்சைக் கேட்டாள். மேலே மேலே மேய்கிற மூச்சு, அடிவயிற்றுக்கு இறங்காத மூச்சு. அந்தச் சத்தத்தை அவள் ஏற்கெனவே மடியில் வைத்துக் கேட்டிருக்கிறாள்.

“ஆவியில்லடி இது. எத்தனை நாளா?”

சிட்டு பயந்த கண்ணால் கதவைப் பார்த்தாள்.

முக்காலி வாசலுக்கு நடந்தாள். “முதலாளி, சிட்டுக்கு மூச்சு வாங்குது. திரும்புற வண்டியில ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்.”

“எங்க பார்த்தாலும் பயம். வெறும் இருமலா இருக்கும். மாடியில தனியாப் படுக்கச் சொல்லு, டாக்டர்கிட்ட நான் போன்ல பேசுறேன்.”

“போன் நீங்க எடுப்பீங்களா முதலாளி?”

முதலாளி குரலை இறக்கிச் சொன்னார். “பாரும்மா. ஒருத்திய விட்டா நாளைக்கு எல்லாரும் கிளம்புவீங்க. அடுத்த ஆஸ்பத்திரி வேலையும் நமக்குத்தான் வந்திருக்கு, இன்னும் கொஞ்ச காலம் இப்படியே ஓட்டணும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். வெளிய நோய் இருக்கு.”

“நோய் உள்ள வந்துருச்சு. நீங்கதான் வெளிய இருக்கீங்க.”

பின்னால் உருளைகளின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. பாய்லர்காரர் ஆவியைத் திறந்துவிட்டுக் கம்பியோடு வந்து நின்றார், வளைந்த அதே கம்பி. மற்றவர்களும் வந்தார்கள்.

“ஏன்டா, வேலைய யாரு நிறுத்தச் சொன்னா?” என்றார் முதலாளி. அவர் முக்காலியை நோக்கி விரலை நீட்டினார். “நீதான முதல்ல கை தூக்குன? இவங்க எல்லாரும் சாட்சி.”

“தூக்குனேன். இன்னிக்குக் கேட்டாலும் தூக்குவேன். நான் வீட்டுக்குப் போக மாட்டேன், எம் புருஷன் உசுரு எனக்கு வேணும். ஆனா நான் கதவை மூடத்தான் கை தூக்குனேன். பூட்டத் தூக்கல.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“இல்ல முதலாளி. நோய்க்குப் பயந்தா மூடுனாப் போதும். எங்களுக்குப் பயந்தாத்தான் பூட்டணும்.”

“அப்படிச் சொல்லு” என்றார் பாய்லர்காரர்.

சிட்டுவை இரண்டு பேர் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றினார்கள். ஓட்டுநர் முதலாளியைப் பார்த்தார், சிட்டுவைப் பார்த்தார், ஏறி உட்கார்ந்தார். போன முறை ஏணியைக் கொண்டுபோனதும் அவர்தான். முதலாளி கதவின் ஒரு சிறகைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். வண்டி அதற்குள் முகப்பை நுழைத்துவிட்டது. வெளியே போனது.

“போகட்டும்” என்றார் முதலாளி, மூச்சிரைத்துக்கொண்டு. “அவ போனா போனவதான், திரும்பி உள்ள வரக் கூடாது. நீங்க எல்லாரும் பின்னாடி போங்க. நான் பூட்டணும்.”

“சாவி உள்ள இருக்கட்டும். ஆணி அடிச்சு மாட்டி வைங்க. அதுவரைக்கும் கதவு திறந்தே இருக்கும்” என்றாள் முக்காலி.

“கூட்டம் கூடுறது சட்டப்படி குத்தம். தெரியுமா? ஒருத்தர்மேல ஒருத்தர் இடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. இந்தா, போலீசுக்குப் போடுறேன். நோயைப் பரப்புறாங்கன்னு சொன்னாப் போதும்.”

அவர் போனை எடுத்தார். கூட்டம் கலங்கிப் பார்த்தது. அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் பயமாக இருந்தது. அவர்கள் இடித்துக்கொண்டுதான் நின்றார்கள்.

முக்காலி திரும்பி நடந்தாள். மடிப்பு மேடைக்குப் போய்ச் சுத்தமான விரிப்புகளை நெஞ்சுயரம் அள்ளிக்கொண்டு வந்தாள். ஒன்றை உதறினாள். ஒரு நுனியைப் பாய்லர்காரரிடம் நீட்டினாள்.

“பிடிங்கண்ணே. இழுத்துப் பிடிங்க. சுருக்கம் இருக்கக் கூடாது.”

“எதுக்கு?”

“ஆறடிக்கு மேலயே இருக்கும். சட்டத்துக்கு வேற என்ன வேணும்?”

பாய்லர்காரர் விரிப்பைப் பார்த்தார். கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு நுனியைப் பிடித்தார். பிறகு, யாரும் சொல்லாமல், தாடையில் கிடந்த முகமூடியை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டார்.

அவருடைய மறுகையில் இன்னொரு விரிப்பு. அதன் நுனி உருளைக்காரர் கையில். அவருக்கு அடுத்து இஸ்திரி போடும் பெண். வெள்ளை வெள்ளையாக விரிப்புகள் உதறி எழுந்தன. வாசலிலிருந்து முற்றம் வழியாகக் கூடத்துக்குள்ளே, ஆவிக்குள்ளே, வரிசை நீண்டது. பேசாத இரண்டு பேர், டம்ளருக்காகச் சண்டை போட்ட இரண்டு பேர், வீட்டுக்குப் போக வேண்டும் என்றவர், போகவே மாட்டேன் என்றவர், எல்லோர் நடுவிலும் ஒரு விரிப்பு. கடைசியில் ஆள் ஒன்று குறைந்தது. அந்த நுனியைச் சுவர்க் கொக்கியில் மாட்டினார்கள்.

வாசல் பக்கம் முக்காலிதான் முதல் ஆள். இரண்டு கதவுச் சிறகுகளுக்கும் நடுவில் நின்றாள். அவளுடைய மறுகையிலும் ஒரு விரிப்பு இருந்தது. அதன் நுனி வெளியே தெருவில் கிடந்தது, பிடிக்க ஆளில்லாமல்.

முதலாளி போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். “ஆமா சார், கலாட்டா... இல்ல சார், தள்ளித்தான் நிக்கிறாங்க... இல்ல, அடிக்கல... துணியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க சார்!”

வாட்ச்மேன் தன் கூண்டிலிருந்து இறங்கி வந்தார். முதலாளியைப் பார்க்கவில்லை. கதவையும் பார்க்கவில்லை. கதவுக்கு உள்ளே, ஏணி மூச்சு முட்டிக் கிடந்த இடத்தைப் பார்த்தார். கைத்தடியைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்து விரிப்பைத் தூக்கினார்.

“நடுவுல இல்ல, நுனியைப் பிடிங்க” என்றாள் முக்காலி. “இழுங்க. அவ்வளவுதான்.”

“யோவ், உனக்குச் சம்பளம் நான் தர்றேன்!” என்றார் முதலாளி.

வாட்ச்மேன் நுனியை மாற்றிப் பிடித்தார்.

தெரு முனையில் ஜீப் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். யாரும் கையைத் தாழ்த்தவில்லை. அப்போது முக்காலியின் உள்பக்கத்துக் கையில் விரிப்பு அசைந்தது. கூடத்துக்குள்ளிருந்து, ஆவிக்குள்ளிருந்து, ஒவ்வொரு கையாகக் கடந்து வந்துகொண்டிருந்தது அது. ஒன்று அழுத்தமாக. ஒன்று மெதுவாக. யார் தொடங்கியது என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுகையால் வாட்ச்மேன் பக்கம் இரண்டு சுண்டு கொடுத்தாள்.

“என்னம்மா இது?”

“தயாரான்னு கேக்குது.”

வாட்ச்மேன் ஜீப்பைப் பார்த்தார். அது திரும்பி இந்தத் தெருவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. நுனியை இறுக்கிப் பிடித்துத் துணியை இரண்டு முறை சுண்டினார்.